மண்வள அட்டையில் இருப்பது உங்கள் காட்டு மண்தானா?

மதுரை மாவட்டம் சேடப்பட்டிப் பக்கம் என் சித்தப்பாவுக்கு நாலு ஏக்கர் கரிசல் இருக்கிறது. சோளமும் உளுந்தும் மாறி மாறிப் போடுவார். முழுக்க மானாவாரி, மழையை நம்பித்தான். புரட்டாசியில் வானம் இருட்டினால் உரக்கடைக்குக் கிளம்பிவிடுவார். “ஏக்கருக்கு ஒரு டிஏபி, ஒரு யூரியா போடுப்பா” என்பார்; இரண்டு உரத்திலும் ஒவ்வொரு மூட்டை என்பதுதான் அவர் கணக்கு. வீட்டில் காலண்டருக்குப் பின்னால் மண்வள அட்டை ஒன்று செருகியே கிடந்தது. “அதுல என்ன சித்தப்பா போட்டிருக்கு?” என்று கேட்டால், “யாரு காட்டு மண்ணை எடுத்தாங்களோ” என்றார். எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

மண்வள அட்டை மத்திய அரசின் திட்டம். 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கினார்கள். அட்டைக்கு விவசாயி காசு கட்ட வேண்டியதில்லை. கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என 12 விவரங்கள் அதில் வரும். திட்ட விதிப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி. மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. 10 ஹெக்டேர் என்றால் 25 ஏக்கர். அந்த 25 ஏக்கருக்குள் காடு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே எண்கள்தான். உசிலம்பட்டி, சேடப்பட்டி பக்கமெல்லாம் ஓடைக்கு இந்தப் புறம் கரிசலும் அந்தப் புறம் செவலுமாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் புரியும்.

அதற்காக அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். ஊர் மண்ணின் போக்கு அதில் தெரியும். தமிழக அரசின் தமிழ்மண்வளம் இணையதளத்தில் கிராமத்தையும் புல எண்ணையும் கொடுத்தும் பார்க்கலாம். ஆனால் உரத்துக்குப் பணம் போடுவதற்கு முன்னால் சொந்தக் காட்டு மண்ணை ஒரு தடவை தனியாகப் பரிசோதித்துவிடுவது நல்லது. அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் சொற்பம்தான்.

மண் எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கோடையில், வெள்ளாமை முடிந்து காடு சும்மா கிடக்கும்போது எடுக்க வேண்டும். உரம் போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், குப்பை கொட்டிய இடம், தண்ணீர் தேங்கும் பள்ளம் எல்லாம் வேண்டாம். 10, 15 இடத்தில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ‘வி’ வடிவத்தில் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை சீவி எடுங்கள். சோளம், உளுந்து, குதிரைவாலிக்கு 15 செ.மீ. ஆழம், பருத்திக்கு 22 செ.மீ. எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே குறைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். செவலும் கரிசலும் கலந்த காடு என்றால் இரண்டுக்கும் தனித்தனி மாதிரி. துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களையும் பார்க்கச் சொல்வதாக இருந்தால் இரும்புக் கரண்டி, தகர வாளி கூடாது; மரக்குச்சியும் பிளாஸ்டிக் வாளியும் போதும்.

சித்தப்பா இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் மண்ணைப் பழைய யூரியா சாக்கில் கொட்டிக் காய வைத்திருந்தார். சாக்கில் ஒட்டியிருந்த உரமும் சேர்ந்துதானே சோதனைக்குப் போகும்! மறுபடி போய் எடுத்தோம்.

இப்போது அவருடைய மூட்டைக் கணக்கைப் பார்ப்போம். மானாவாரிச் சோளத்துக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து. அட்டையிலும் அளவு ஹெக்டேரில்தான் இருக்கும். இரண்டரையால் வகுத்தால் ஏக்கருக்கு 16 கிலோ தழை, 8 கிலோ மணி. 50 கிலோ டிஏபி மூட்டையில் மணிச்சத்து மட்டும் 23 கிலோ. தேவையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதே மூட்டையில் 9 கிலோ தழையும் இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் இன்னும் 20 கிலோவுக்கு மேல். கூட்டினால் 29 கிலோவைத் தாண்டுகிறது. மழை ஏமாற்றினால் இத்தனையும் காய்ந்த மண்ணில் வீணாகக் கிடக்கும்.

டிஏபிக்குப் பதிலாக 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் ஒரு மூட்டை வாங்கினால் 8 கிலோ மணிச்சத்து கச்சிதமாகக் கிடைக்கும். டிஏபியில் இல்லாத கந்தகமும் ஐந்தரை கிலோ சேரும். உளுந்துக்கு அது ரொம்பத் தேவை. கூட 35 கிலோ யூரியா, அவ்வளவுதான். இதுவும் பொதுக் கணக்குதான். உங்கள் பரிசோதனை முடிவில் மணிச்சத்து ‘அதிகம்’ என்று வந்தால் இன்னும் குறையும். தழைச்சத்து ‘குறைவு’ என்றால் கொஞ்சம் கூடும். கரிசலில் சாம்பல் சத்து பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். பார்க்காமல் பொட்டாஷ் வாங்க வேண்டாம்.

டிஏபி உளுந்தில் பூக்கும்போது இலைவழியாகக் கொடுக்கத் தோதான உரம். ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் இரவு 10 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு, தெளிவை மட்டும் வடித்து, 190 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். 15 நாள் கழித்து இன்னொரு தடவை.

கடையில் ஆதாரைக் காட்டிக் கைரேகை வைத்துத்தான் மானிய உரம் வாங்க முடியும். பில் கேட்டு வாங்குங்கள். மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ, “இந்த டானிக்கையும் வாங்கினால்தான் யூரியா” என்றாலோ வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம்.

மண்ணை உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடமோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கொடுக்கலாம். பையோடு ஒரு சீட்டில் பெயர், கிராமம், புல எண், போன வெள்ளாமை, அடுத்து போடப்போவது எல்லாம் எழுதுங்கள். ‘மானாவாரி’ என்று எழுத மறக்காதீர்கள். உளுந்துக்கு இறவையில் (பாசன நிலத்தில்) சொல்லும் உர அளவு, மானாவாரிக்குச் சொல்வதைப் போல் சரியாக இரண்டு மடங்கு.