சான்றிதழ் சரி, பாதைதான் தமிழ்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் பராமரிப்பது என் வேலை. அடிக்கடி வரும் புகார்: "சர்வர் சான்றிதழ் பிழைன்னு வருதுங்க." போய்ப் பார்த்தால், எதிர்முனையில் இருப்பது நம் சர்வர்தான் என்று உறுதிசெய்ய உதவும் அந்தச் சான்றிதழில் ஒரு குறையும் இருக்காது. கணினி வாங்கிய அன்றே விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பார்கள். சான்றிதழ் கோப்பும் அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள்தான் இருக்கும்.

விண்டோஸில் சி மொழியின் எஃப்ஓபன் போன்ற, கோப்பைத் திறக்கும் பழைய அழைப்புகள், கோப்புப் பாதையை (ஃபோல்டர்களோடு சேர்ந்த முழுப் பெயரை) கணினியின் 'ஆன்சி' குறியீட்டுப் பக்கத்தில், அதாவது எழுத்துகளுக்கு எண் தரும் பழைய அட்டவணையில், எதிர்பார்ப்பவை. தமிழுக்கு அப்படியொரு பக்கமே கிடையாது, எல்லா மொழிகளுக்குமான யூனிகோட் மட்டும்தான். எனவே எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாது. கோப்பு திறக்காது, அதைச் சொல்லாமல், நம்பகமான சான்றிதழ் இல்லை என்று மென்பொருள் கைவிரிக்கும்.

ஆபத்து இதற்குப் பிறகுதான். அவசரத்துக்கு வரும் டெக்னீஷியன் சான்றிதழ் சோதனையையே அணைத்துவிட்டுப் போவார். பில்லும் ஓடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் எதிர்முனையில் இருப்பது நம் சர்வர்தானா என்று பார்க்க இனி ஆளில்லை; கடை வைஃபையில் நுழைந்தவன் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கலாம். கதவு இறுகியிருக்கிறது என்று பூட்டையே கழற்றி எறிவது போன்ற வைத்தியம் இது.

சான்றிதழ் சோதனைக்குப் பல மென்பொருள்கள் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரி, விண்டோஸில் கோப்புப் பெயரை யூடிஎஃப்-8 வடிவில் (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறையில்) ஏற்கும். நம் நிரல் ஆன்சியில் கொடுத்தால் குற்றம் நம்முடையதே. கோப்பை விண்டோஸின் யூனிகோட் அழைப்பு மூலம் நாமே படித்து, உள்ளடக்கத்தை மட்டும் லைப்ரரிக்குக் கொடுப்பதே எனக்குப் பிடித்த வழி. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், செயலியின் மேனிஃபெஸ்டில் (அதன் அமைப்புகளை அறிவிக்கும் கோப்பில்) குறியீட்டுப் பக்கத்தை யூடிஎஃப்-8 என்று அறிவிக்கவும் முடியும்.

கோப்புகள் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும், டிஜிட்டல் கையொப்பமிட்ட கோப்புப் பட்டியல்களில் சிக்கல் வேறு. 'கொலுசு' என்பதன் முதலெழுத்திலுள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் எழுதலாம். யூடிஎஃப்-8இல் முன்னது 18 பைட், பின்னது 21. பழைய மேக்குகளின் கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே சேமிக்கும். லினக்ஸோ, நாம் கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒரே பெயர், சரிபார்ப்புக்கு இரண்டு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பிழைச் செய்தி எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்பதையும் 'சான்றிதழ் செல்லாது' என்பதையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், பாதையையும் சேர்த்துக் காட்டுங்கள். அதில் கேள்விக்குறி வரிசையைப் பார்த்தால் கடைக்காரரே போனில் சொல்லிவிடுவார்.