ஓடுகிற கம்பெனி மேல் திவால் மனுவா, அண்ணாச்சி?

பேட்டையில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் அண்ணாச்சி ஒருவர் போன மாதம் பில் கட்டோடு என் ஆபீசுக்கு வந்தார். கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனி 1 கோடியே 8 லட்சம் பாக்கி வைத்து எட்டு மாதமாக இழுத்தடிக்கிறதாம். "திவால் மனு போட்டுருங்க சார், பதறிப்போய் துட்டைத் தந்துருவான்."

சரி, அவன் திவாலா என்று கேட்டேன். "எங்க சார், மூணு ஷிப்ட் ஓடுது, புது மெஷின் வேற இறக்கியிருக்கான்."

2016 திவால் சட்டம் கம்பெனியிடம் பணம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, கெடு தேதியில் பாக்கியைக் கொடுத்ததா என்றுதான் பார்க்கிறது. பாக்கி 1 கோடியாவது இருக்க வேண்டும் (2020 மார்ச் வரை 1 லட்சமே போதும்), நோட்டீஸ் கொடுத்து 10 நாள் கழித்து சென்னையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நோட்டீசைக் கண்டதுமே செக் அனுப்புகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மனு ஏற்கப்பட்டுவிட்டால் நிர்வாகம் தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்கால நிபுணர் கைக்குப் போய்விடும், பழைய பாக்கிக்காக யாரும் தனியாக வழக்கு நடத்த முடியாது, சரக்கு கொடுத்த அண்ணாச்சி வரிசையில் பேங்குகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான், அதுவும் பெரும்பாலும் கடன் கொடுத்தவர்கள் கமிட்டியில் ஓட்டு இல்லாமல். நல்லா வாங்கிக்கொண்டிருந்த கஸ்டமரும் போச்சு.

பைலைப் புரட்டினால் இன்னொன்று கிடந்தது. 'பெட்டி கனம் குறைச்சல், அடுக்கினால் நசுங்குகிறது' என்று கம்பெனி ஏழு மாதத்துக்கு முன் அனுப்பிய மெயில். நோட்டீசுக்கு முன்பே நிஜமான தகராறு இருந்தால் மனு நிற்காது என்று மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. 2022-இல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் சம்பந்தப்பட்ட வழக்கில் இன்னும் வெளிப்படையாக, தகராறில் இருக்கும் பாக்கிக்காக நல்ல நிலையில் உள்ள கம்பெனியைத் தண்டிக்க இந்தச் சட்டம் வரவில்லை என்றது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. கடன் வசூலுக்கு வேறு கதவுகள் இருக்கின்றன.

"உத்யம் பதிவு இருக்கா அண்ணாச்சி?"

"லோனுக்காக எடுத்தது, பீரோவுல கிடக்கும்."

சிறு தொழில் என்று அரசிடம் பதிந்த சான்று, அதுதானே ஆயுதம்! சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அதற்கான கவுன்சிலில் தீர்ப்பு வந்தபின் வாங்கிய கம்பெனி எதிர்த்துப் போக நினைத்தால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். பெட்டி கனத் தகராறையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

முதலில் அந்த மெயிலுக்குப் பதில் எழுதுங்கள் என்று அனுப்பிவைத்தேன். ஏழு மாதமாக அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.