பையில் இருந்த இன்ஹேலர்

சிசேரியனுக்கு முன் மயக்க மருத்துவராக நான் போய்ப் பார்க்கும்போது, வீட்டார் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "முதுகுல ஊசி போட்டா காலத்துக்கும் முதுகுவலி வருமாமே?" வராது என்று சொல்லிவிட்டு, "வீசிங், பிரஷர் ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்பேன். பெண் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொள்வார்: "அதெல்லாம் ஒண்ணுமில்லை."

ஒருமுறை தியேட்டர் மேசையில் படுத்த பிறகு அப்படியொரு பெண் மெல்லச் சொன்னார்: "பையில இன்ஹேலர் இருக்கு மேடம். மாமியார் வீட்ல யாருக்கும் தெரியாது."

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. தையல் போடுவது வெட்டிய இடத்துக்குத்தான். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்களை நெரித்து மூடுவது கர்ப்பப்பையின் தசை. அது இறுகுவதற்காகத்தான் குழந்தை வெளியே வந்ததும் ஆக்ஸிடோசின் தருகிறோம். பிரசவித்த எல்லாருக்கும் 10 யூனிட் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. நரம்பில் ஒரேயடியாகத் தள்ளினால் பிரஷர் சடாரென்று இறங்கும், அதனால் மெதுவாகத்தான் ஏற்றுவோம். அதோடு, இது 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய மருந்து. கரண்ட் போய்வந்த நாளில் முதலில் ஃபிரிட்ஜைத்தான் திறந்து பார்ப்பேன்.

அதற்கும் கர்ப்பப்பை தொளதொளவென்றே இருந்தால்? அடுத்த மருந்துக்குப் போக வேண்டும். மெத்தர்ஜின் பிரஷரை ஏற்றிவிடும், பிரஷர் உள்ளவர்களுக்கு ஆகாது. கார்போப்ராஸ்ட் மூச்சுக்குழாயைச் சுருக்கும், வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது. எதை எடுப்பது என்று நூல் பார்த்து யோசிக்க அப்போது நேரம் இருக்காது.

அன்று அந்தப் பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் கார்போப்ராஸ்ட்டை எடுத்துவிட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். பிரஷர் சரியாக இருந்ததால் மெத்தர்ஜின் போட்டோம், கூடவே டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம். பின்னது தசையை இறுக்காது; உறைந்த ரத்தம் கரையாமல் பிடித்து வைக்கும். பிரசவமான 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். சுமார் 20,000 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில் தெளிவான விஷயம் இது. கொஞ்ச நேரத்தில் கர்ப்பப்பை கெட்டிப்பட்டது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டார் முன் சொல்லத் தயக்கமா? அவர்களை வெளியே அனுப்பச் சொல்லுங்கள், அனுப்புவோம். நர்ஸ் காதில் போட்டாலும் போதும், கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். முந்தைய பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள், ரத்த வங்கிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்போம்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். மாமியார் மடியில் குழந்தை. இன்ஹேலர் தலையணைக்கு அடியில்.