அந்தெம்: புறநிலை வாழ்த்து

தேவாலய ஆராதனை முடிவில் பாடும் ஆசி அந்தெத்தை (anthem) தமிழில் என்னவென்று சொல்வது? ‘அந்தெம்’ என்றதும் பலருக்குத் தேசிய கீதம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பொருள் பிந்தி வந்தது. கிரேக்கத்தில் ‘அன்ரி’ என்றால் எதிர், ‘ஃபோனே’ என்றால் குரல். இரண்டும் சேர்ந்து லத்தீனில் ‘அன்ரிஃபோனா’ ஆகி, ஆங்கிலத்துக்குள் போய் உருக்குலைந்து ‘அந்தெம்’ ஆயிற்று. ஒரு பக்கத்தார் பாட, மறுபக்கத்தார் எதிர்பாடுவது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடக் கேட்டவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

1662இல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெப நூல், பாடகர் குழு உள்ள இடங்களில் மூன்றாம் ஜெபத்துக்குப் பின் அந்தெம் பாடச் சொல்கிறது. அதற்குள் எதிர்க்குரல் என்ற பொருள் தேய்ந்து, சபையார் இருக்கக் கொயர் பாடுவது என்றாகிவிட்டது. கத்தோலிக்கர் பழைய பொருளை விடவில்லை. பூசைப் புத்தகத்தில் ‘வருகைப் பல்லவி’ என்றே இருக்கிறது.

ஆராதனை முடிவில் பாடும் ஆசி அந்தெத்துக்குச் சொற்கள் பெரும்பாலும் எண்ணாகமம் 6:24–26இலிருந்து வருபவை: “கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்.” எபிரேயத்தில் முதல் வரிக்கு மூன்று சொல், அடுத்ததற்கு ஐந்து, கடைசிக்கு ஏழு. அமெரிக்கரான பீற்றர் லட்கின் 1900இல் இதற்கு நான்கு குரலில் இசை அமைத்து, முடிவில் ஏழு ஆமென் வைத்தார். சின்னச் சபைகளில் டெனருக்கு, அதாவது ஆண்களின் மேற்குரலுக்கு, ஆள் கிடைப்பது பெரும்பாடு. அந்த ஆமென்களில்தான் குட்டு வெளிப்படும்.

தமிழில் இதை ‘ஆசீர்வாத கீதம்’ என்று அச்சடிக்கிறார்கள். கீதம் என்றால் வெறும் பாட்டு. ஆசீர்வாதம் வடசொல், ஆசியும் அப்படியே. இந்தப் பாட்டு கடவுளைப் பார்த்துப் பாடுவதல்ல, கடவுள் உன்னைக் காக்கட்டும் என்று எதிரில் நிற்பவரைப் பார்த்துப் பாடுவது. தொல்காப்பியச் செய்யுளியலில் இதற்குப் பெயரே உண்டு:

“வழிபடு தெய்வம் நிற்புறம் காப்பப்
பழிதீர் செல்வமொடு வழிவழி சிறந்து
பொலிமின் என்னும் புறநிலை வாழ்த்தே”

நீ வழிபடும் தெய்வம் உன்னைச் சூழ நின்று காக்க, குற்றமற்ற செல்வத்தோடு தலைமுறை தலைமுறையாய்ப் பொலிக என்பது கருத்து. ‘நிற்புறம்’ என்பதிலுள்ள ‘நின்’ ஒருமை, ‘பொலிமின்’ பன்மை. மேலே சொன்ன எண்ணாகம வரிகளான ஆரோனின் ஆசியும் இப்படித்தான்: கேட்பது ஒரு கூட்டம், சொல்வது ‘உன்னை’ என்று.

ஆகவே இலக்கணப் பெயர் புறநிலை வாழ்த்து. ஆராதனை ஒழுங்குத் தாளில் அப்படி அச்சடித்தால் பாதிப்பேர் முழிப்பார்கள். அங்கே ‘வாழ்த்துப்பா’ போதும். மன்னார் மடு மாதா கோயிலில் ஓகஸ்ட் 15 திருவிழாவில் திருச்சொரூபத்தால் வழங்குவதை ‘ஆசீர்’ என்றே விட்டுவிடலாம். அது சடங்கு, பாட்டல்ல.