தெர்மாகோல் பல்லுக்கு ஒரு காப்புரிமை வழக்கு

"தெர்மாகோல் கட்டியில் நாலு பல் வெட்டுவதற்கெல்லாமா காப்புரிமை கொடுப்பார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பல்லுக்காக அமெரிக்காவில் மேல்முறையீடு வரை வழக்கும் நடந்திருக்கிறது.

கான்கிரீட் சுவர் எழுப்பும்போது, ஊற்றும் கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுதான் ஷட்டரிங். கான்கிரீட் இறுகியதும் அதைப் பிரிப்பதுதான் வழக்கம். தெர்மாகோல் கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பும் முறையில் ஷட்டரிங்கே தெர்மாகோல். ஒவ்வொரு கட்டியிலும் இரண்டு பலகைகள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் இணைப்புகள், நடுவில் கம்பியும் கான்கிரீட்டும். எதையும் பிரிப்பதில்லை, தெர்மாகோல் சுவரோடு தங்கி வெப்பத்தைத் தடுக்கிறது. கனடாவின் வெர்னர் கிரெகோரி இதுபோன்ற கட்டிக்கு 1971-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

ஈரக் கான்கிரீட் கனமீட்டருக்குச் சுமார் 2400 கிலோ. ஒரு மீட்டர் உயரம் ஊற்றினாலே அடிப்பகுதியில் சதுர மீட்டருக்கு 2.4 டன் எடை அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளும். பெரும்பகுதியை இணைப்புகள் தாங்கிக்கொள்ளும். ஒரு வரிசைக் கட்டி அடுத்த வரிசையை விட்டு நகராமல் பார்த்துக்கொள்வது, கட்டியின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பற்களின் வேலை.

சரி, பல்லில் என்ன புதுமை? ஒரே வரிசையாகப் பல்லும் பள்ளமும் மாறிமாறி இருந்தால், கட்டியைத் தலைகீழாக வைக்கும்போது பல்லின் மேல் பல் மோதும். ஒரு பல் அளவு தள்ளி வைத்தால் பொருந்தும். ஆனால் ஓரங்கள் நேராக வராது. பில்-இன்சுல் நிறுவனத்தின் 1995 காப்புரிமை இதை இரண்டு வரிசையால் தீர்த்தது. முதல் வரிசையில் பல் உள்ள இடத்துக்கு நேராக, இரண்டாம் வரிசையில் பள்ளம். சதுரங்கக் கட்டம் மாதிரி. மேல் விளிம்பில் பல் இருந்தால் அதற்கு நேர்கீழே அடி விளிம்பில் பள்ளம்.

இப்போது பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடி விளிம்பு மேலே வருவதால் பல் இருந்த இடத்தில் பள்ளம் வர வேண்டும். ஆனால் கவிழ்க்கும்போது உள்வரிசை வெளிவரிசையாகவும் மாறுகிறது; அங்கே மறுபடி பல்! இரண்டு மாற்றமும் ஒன்றையொன்று ரத்துசெய்ய, பழைய அமைப்பே அப்படியே திரும்பி வருகிறது. எது மேல், எது கீழ் என்று பார்க்காமலேயே அடுக்கலாம். இவ்வளவு சுத்தமான சமச்சீர்மையைக் கட்டுமானத் தொழிலில் பார்ப்பது அபூர்வம்.

காப்புரிமையின் வாசகத்திலோ "அடுத்தடுத்த" பற்கள், "ஏறக்குறைய ஒரே அளவு" என்ற சொற்கள் இருந்தன. ரிவார்டு வால் நிறுவனத்தின் மீது பில்-இன்சுல் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் இவற்றுக்குக் குறுகலான பொருள் சொன்னது. எதிராளியின் கட்டிகள் அதற்குள் அடங்கவில்லை. அப்புறம் ஏர்லைட் நிறுவனத்தோடு அதே சண்டை. ஒருமுறை முடிவான பொருளை மறுபடி வாதிட முடியாது என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இது நியாயம் என்றே நினைக்கிறேன். ஒருவர் கண்டுபிடித்த அமைப்புக்குப் பாதுகாப்பு வேண்டும்; பல் வைக்கும் யோசனை முழுவதையும் அவருக்கே எழுதிக்கொடுக்கக் கூடாது. அந்தக் காப்புரிமையின் காலம் முடிந்துவிட்டது. படங்களோடு முழு ஆவணமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பொறியியல் கல்லூரிகள் இதை மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம்.