மூன்றடி அகலத்தில் ஒரு கழிப்பறை: செட்டிநாட்டு வீடுகளில் கவனிக்க வேண்டியவை

முகப்பில் நுழைந்தால் வளவு என்னும் நடுமுற்றம், அதைத் தாண்டினால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் கழிப்பறைக்கு இடமில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் வேலை எடுத்துச் செய்யும் எங்களுக்கோ இது அன்றாடப் பிரச்சினை. அந்தக் காலத்தில் கழிப்பறையைக் கொல்லைக் கோடியில் வைத்தார்கள். இன்று பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள். முழங்கால் வலியோடு நள்ளிரவில் கொல்லை வரை நடக்க அவர்களால் முடியாது. படுக்கும் அறையை ஒட்டியே கழிப்பறை வேண்டும். அதற்காக ஒதுக்க முடிகிற இடம் மாடிப்படியின் அடியிலோ அறையின் மூலையிலோ மூன்றடிக்கு ஐந்தடிதான்.

அந்த இடம் போதும். குளியலையும் அதற்குள் திணிக்காமல் இருந்தால் போதும். குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்திருந்தால் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நம்மிடம் இருப்பதோ அதில் பாதி. எனவே உட்கார்ந்து போகும் கிளாசெட்டும் கைகழுவ ஒரு சிறு பேசினும் மட்டும் இங்கே இருக்கட்டும். குளியல் பழைய இடத்திலேயே நடக்கட்டும்.

பெரும்பாலான வீடுகளில் கெடுவது இடத்தால் அல்ல, வரிசை மாறுவதால். முதலில் கடைக்குப் போய்ப் பளபளப்பான கிளாசெட்டை வாங்கி வந்துவிடுகிறார்கள். பிறகு கொத்தனார் குழாய் பதிக்கிறார். டேப்பைக் கடைசியில்தான் கையில் எடுக்கிறார்கள்.

என் வழக்கம் வேறு. கிளாசெட் வரப்போகும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, கையில்லாத நாற்காலி ஒன்றை அதன்மேல் வைத்து, அதைப் பயன்படுத்தப் போகிறவரையே உட்காரச் சொல்வேன். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி, "இதுக்கெல்லாமா தம்பி ஒத்திகை?" என்று கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்தார். எழும்போது வலது உள்ளங்கையைச் சுவரில் அகல விரித்து ஊன்றினார். உடம்பு முன்னால் சாய்ந்தது. தலை கிட்டத்தட்ட எதிர்ச்சுவர் வரை வந்தது. எனக்கு வேண்டியது எல்லாம் அந்த ஓர் எழுகையில் கிடைத்துவிட்டது. கை ஊன்றிய இடத்தில் பிடிகம்பி. தலை வந்த தூரத்தைப் பார்த்து, முன்பக்கம் எத்தனை அங்குலம் விட வேண்டும் என்ற கணக்கு. கிளாசெட்டின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலமும், முன்விளிம்பிலிருந்து எதிர்ச்சுவருக்கு 21 அங்குலமும் இருந்தாக வேண்டும் என்பது பொதுவான குறைந்தபட்சம். முழங்கால் மடங்காதவர்களுக்கு முன்பக்கம் இதைவிடக் கூடுதலாக விடுங்கள். உட்காரும் உயரம் வழக்கமான 16 அங்குலத்துக்குப் பதில் 17, 18 என்று இருந்தால் எழுவது சுலபம்.

அடுத்து, அதிகம் பணம் வீணாகிற இடம். தரையில் கழிவு இறங்கும் எஸ் ட்ராப் வகையில், பின்சுவரிலிருந்து குழாயின் மையம் வரை உள்ள தூரம் 4, 9, 12 அங்குலம் என்று மாடலுக்கு மாடல் வேறுபடும். அந்த அளவு பூச்சும் டைலும் முடிந்த சுவரிலிருந்து எடுக்க வேண்டியது. வெறும் செங்கல் சுவரிலிருந்து 9 அங்குலம் அளந்து குழாயைப் பதித்தால், பூச்சும் டைலும் சேர்ந்து ஓர் அங்குலத்துக்கு மேல் விழுங்கிவிடும். பிறகு கிளாசெட் சுவரில் இடிக்கும், குழாயில் உட்காராது. மாறாக, குழாயை 12 அங்குலத்தில் பதித்துவிட்டு 9 அங்குல மாடலை வாங்கினால் ஃப்ளஷ் டேங்குக்குப் பின்னால் இடம் வீணாகும். ஐந்தடி அறையில் மூன்று அங்குலம் பெரிய இழப்பு. மாடலை முடிவு செய்து, அதன் அளவுத்தாளைக் கொத்தனார் கையில் கொடுத்த பிறகே குழாய் பதிக்கத் தொடங்கட்டும்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இடம் போதவில்லை என்றதும் "சுவரை நாலு அங்குலம் கொத்திவிடலாம், கனமான சுவர்தானே" என்பார்கள். தயவுசெய்து கொத்தாதீர்கள். இவை சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுமைதாங்கும் சுவர்கள். மாடியின் பாரம் இவற்றின் மேல்தான் நிற்கிறது. உளி பட்டதும் பழைய சாந்து மாவாக உதிர்ந்து, மெல்லிய செங்கற்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் காணும். அதன்மேல் சிமென்ட் பூசி டைல் ஒட்டுவது அடுத்த தவறு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மையுடையது. ஒரு பக்கத்தைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் மறுபக்கம் போகும். வளவில் முட்டையின் வெண்கரு சேர்த்துத் தேய்த்த அந்தப் பூச்சு உப்புப் பூத்து உதிரும். அதை மறுபடி அதே நேர்த்தியில் தேய்க்கத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு.

பழைய சுவரைத் தொடாமல், சிறு இடைவெளி விட்டு, மூன்று அங்குல லேசான பிளாக்கில் தனிச்சுவர் எழுப்பி அதில் நீர்த்தடுப்பும் டைலும் செய்வதே என் முறை. அகலத்தில் சில அங்குலம் போகும், போகட்டும். பிடிகம்பி வரும் இடத்தில் மட்டும் கான்கிரீட் பட்டை கொடுத்துவிட வேண்டும். லேசான பிளாக்கிலோ சுண்ணாம்புச் சுவரிலோ திருகாணி மட்டும் போட்டு மாட்டினால், ஆள் எடை விழும் நாளில் கம்பி கையோடு வந்துவிடும்.

சுவரில் தொங்கும் கிளாசெட் வைத்தால் இடம் மிச்சமாகும் என்று கடையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளாசெட் நீட்டம் ஏறத்தாழ 21 அங்குலம். டேங்கை மறைக்கும் பொய்ச்சுவர் ஆறு அங்குலம். கூட்டினால் 27. தரையில் நிற்கும் சாதாரண கிளாசெட்டும் அவ்வளவுதான். தரையைக் கூட்டிக் கழுவ வசதி என்பதற்காக வாங்கலாம். இடத்துக்காக என்றால் நீட்டம் குறைந்த மாடலைக் கேளுங்கள். பழைய சுவரில் ஏற்கெனவே அலமாரிக் குழி இருந்து, அது சரியான இடத்தில் அமைந்தால், டேங்க் அதற்குள் போய்விடும். அப்போது லாபம் உண்டு.

தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் பி ட்ராப் கிளாசெட்டைப் பாருங்கள். இதில் கழிவு தரையிலிருந்து சுமார் ஏழு அங்குல உயரத்தில் பின்சுவர் வழியாக வெளியேறும். பக்கத்துச் சந்தில் குழாய் இறக்க முடிந்தால் உள்ளே தரையை உடைக்கவே வேண்டாம். சுவரில் துளையை இயந்திரத்தால் வட்டமாக அறுக்கச் சொல்லுங்கள், உளி வேண்டாம். புதிய கழிப்பறைத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் ஏற்றதல்ல: அது சுடாத சிமென்ட் கல், ஆசிட் பட்டால் அரித்துவிடும், மெருகேறியது நனைந்தால் வழுக்கும்.

குழாயின் வாட்டம் 40 அடிக்கு ஓரடி இருக்கட்டும். வீட்டின் நடுவிலிருந்து கொல்லை செப்டிக் டேங்க் வரை 60 அடி என்றால் ஒன்றரை அடி இறக்கம் வேண்டும். நம் வீடுகளின் பேஸ்மட்டம் உயரமாக இருப்பதால் இது கைகூடும். திரும்பும் இடங்களில் 90 டிகிரி வளைவு வேண்டாம். இரண்டு அரைவளைவும் (45 டிகிரி), அடைப்பு எடுக்க மூடி போட்ட ஒரு சேம்பரும் வையுங்கள். கழிவுநீர் இறங்கும் உறைகுழிக்கும் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டராவது இருக்க வேண்டும். கொல்லையில் கிணறு இருக்கிற வீடுகளில் இதை முதலிலேயே அளந்துவிடுங்கள்.

கதவு உட்புறம் திறக்கக் கூடாது. உள்ளே பெரியவர் மயங்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது. மூன்றடி அறையில் ஒதுங்கி விழ இடமே கிடையாது. வெளிப்புறம் திறக்கும் கதவோ, தள்ளுகதவோ போடுங்கள். தாழ்ப்பாளும் அவசரத்தில் வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கக் கூடியதாக இருக்கட்டும்.

பெரியவர்கள் பிள்ளைகளிடம் போய்விட்டு வீட்டைப் பல மாதம் பூட்டி வைப்பதும் இங்கே வழக்கம். கிளாசெட்டின் ட்ராப்பில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் செப்டிக் டேங்கின் வாயுவைத் தடுக்கிறது. கோடையில் அது வற்றிப்போனால் நாற்றமும் கரப்பானும் படுக்கையறைக்கே வந்துவிடும். ஊருக்குப் புறப்படும் நாளில் ட்ராப்பில் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றிவிட்டால் தண்ணீர் வற்றுவது தாமதமாகும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சாவி கொடுக்கும்போதே, மாதம் ஒரு முறை உள்ளே வந்து ஃப்ளஷ் செய்துவிட்டு, பேசினிலும் தரை வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும்படி சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.