வரப்பு இல்லாத வயல்

சென்ற வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உலகம் பூராவும் இருந்து மருத்துவ விஞ்ஞானிகள் விமானம் ஏறி ஓரிடத்தில் கூடுகிறார்களே, அங்கே அப்படி என்னதான் நடக்கிறது? ஆய்வுக் கட்டுரை எப்படியும் இணையத்தில் வந்துவிடுகிறது. பேசித்தான் ஆகவேண்டும் என்றால் ஜூம் இருக்கிறது. அந்தக் காசில் நாலு மைக்ராஸ்கோப் வாங்கலாமே?"

நியாயமான கேள்வி. நானே மாநாடுகளில் தூங்கியவன். ஏசி அரங்கு, வயிறு நிறையச் சாப்பாடு, விளக்கை அணைத்து ஸ்லைடு போட ஆரம்பித்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? அதனால் எல்லா மாநாட்டுக்கும் வக்காலத்து வாங்கப் போவதில்லை. 1980இல் நடந்த ஒரே ஒரு கூட்டத்தின் கதையைச் சொல்கிறேன். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கார்டன் மாநாடுகள் என்று ஒரு வரிசை உண்டு. நீல் கார்டன் என்ற வேதியியல் பேராசிரியர் 1930களின் தொடக்கத்தில் ஆரம்பித்து வைத்தது. நட்சத்திர ஓட்டல் கிடையாது. கோடை விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளி, கல்லூரி விடுதிகளில்தான் பெரும்பாலும் நடக்கும். காலையில் பேச்சு, இரவில் பேச்சு, மதியம் சும்மா. அட்டவணையிலேயே ஓய்வு என்று போட்டுவிடுவார்கள். இன்னொரு விதி: உள்ளே கேட்டதை வெளியே மேற்கோள் காட்டக்கூடாது, ஸ்லைடைப் படம் பிடிக்கக்கூடாது. அந்த தைரியத்தில்தான் ஆட்கள் இன்னும் அச்சேறாத முடிவுகளையும், முக்கியமாகத் தோல்விகளையும், அங்கே பேசுவார்கள்.

1980இல் அப்படியொரு கூட்டத்தில் எலிசபெத் பிளாக்பர்ன் பேசினார். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர், அப்போது வயது 31. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஜாக் ஷோஸ்டாக், வயது 27. இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. அவர் ஆராய்ந்தது குளத்தில் நீந்தும் ஒரு செல் உயிரி, இவர் ஆராய்ந்தது ஈஸ்ட். பேச்சு முடிந்ததும் ஷோஸ்டாக் போய் பிளாக்பர்னைப் பிடித்துக்கொண்டார்.

ஏன் பிடித்துக்கொண்டார் என்று புரிய, குரோமோசோமின் முனைக்கு ஒருதரம் போய்வர வேண்டும்.

டிஎன்ஏ இரட்டை இழை, நான்கு எழுத்து, செல் பிரியும்போது நகலாகும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். பள்ளியில் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று, நகலெடுக்கும் நொதியின் பிடிவாதம். அது ஒரே திசையில்தான் போகும். வெறும் இழையைக் கொடுத்தால் தானாகத் தொடங்காது. யாராவது முதலில் ஒரு சின்ன ஆர்என்ஏ துண்டை வைத்துக் கொடுத்தால் அதில் காலூன்றிக்கொண்டுதான் புறப்படும். பிறகு அந்த ஆர்என்ஏ கழற்றப்படும். நடு இழையில் என்றால் பின்னால் வரும் இன்னொரு நொதி அந்த ஓட்டையை அடைத்துவிடும். கடைசி முனையில்? பின்னால் வர ஆளே இல்லை.

நடவு பார்த்திருப்பீர்கள். நாற்றை முன்னால் ஊன்றிக்கொண்டே பெண்கள் பின்னால் நகர்வார்கள். கடைசியில் கால் வைத்திருந்த இடம் மட்டும் பாக்கி இருக்கும். வரப்பில் ஏறிக் குனிந்து அதையும் நட்டுவிடுவார்கள். குரோமோசோம் என்பது வரப்பு இல்லாத வயல். ஏறி நிற்க இடமில்லாததால் கால் பட்ட இடம் காலியாகவே போகும். ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு காலடி குறையும்.

1971இல் ரஷ்யாவின் ஓலோவ்னிகோவ் இதைக் கண்டு சொன்னார். மாஸ்கோ மெட்ரோவில் நின்றபோது தோன்றியதாம். தண்டவாளம் டிஎன்ஏ, ரயில் நொதி, ரயிலுக்கு அடியில் இருக்கும் தண்டவாளம் நகலாகாது. அடுத்த ஆண்டு ஜேம்ஸ் வாட்சனும் தனியாக இதே சிக்கலை எழுதினார். பாக்டீரியாவுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதன் டிஎன்ஏ பெரும்பாலும் வட்டம், வட்டத்துக்கு ஏது முனை?

முனைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. டிஎன்ஏ உடைந்தால் செல் பதறிப்போய், உடைந்த முனைகளைக் கண்டபடி ஒட்டிவைக்கும். அப்படியானால் குரோமோசோமின் இயற்கையான முனையும் உடைந்த முனை போலத்தானே தெரியும்? ஆனால் அவை ஒட்டிக்கொள்வதில்லை. சோளத்தில் பார்பரா மெக்ளின்டாக்கும், பழ ஈயில் ஹெர்மன் முல்லரும் 1930களிலேயே இதைக் கவனித்தார்கள். டெலோமியர் என்ற பெயர் முல்லர் வைத்தது. கிரேக்கத்தில் கடைசிப் பகுதி என்று பொருள். பெயர் வந்துவிட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

பிளாக்பர்ன் அங்கேதான் புகுந்தார். மனித செல்லில் 46 குரோமோசோம், 92 முனை. வைக்கோற்போரில் ஊசி. டெட்ராஹைமினா என்ற குளத்து உயிரியோ ஒரு விசித்திரப் பிறவி. தன் மரபணு ஒன்றைக் குட்டிக் குரோமோசோம்களாகப் பிரித்து ஆயிரக்கணக்கில் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். ஒரே செல்லில் சுமார் 20,000 முனை! முனையைப் படிக்க ஆசைப்படுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? படித்தார். டி-டி-ஜி-ஜி-ஜி-ஜி, மறுபடி டி-டி-ஜி-ஜி-ஜி-ஜி, இப்படி 20 முதல் 70 தடவை. எந்தப் புரதத்துக்கும் குறிப்பு அல்ல, சும்மா ஒரே ஜதி. 1978இல் கட்டுரையாக வந்தது.

ஷோஸ்டாக்கின் கதை இதற்கு நேர் எதிர். அவர் ஈஸ்டுக்குள் நேரான டிஎன்ஏ துண்டுகளைப் போட்டுப் பார்த்தார். ஈஸ்ட் அவற்றைக் கொறித்தது, இல்லாவிட்டால் எதனோடாவது ஒட்டிவைத்தது. ஒருத்தரிடம் முனை இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க வழியில்லை. இன்னொருத்தரிடம் சோதிக்க வழி இருக்கிறது, முனை இல்லை. ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பேசி முடித்தபோது கையில் ஒரு முரட்டு யோசனை இருந்தது. குளத்து உயிரியின் முனையை வெட்டி, ஈஸ்டில் போடும் டிஎன்ஏவின் இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால் என்ன? நடக்குமென்று பந்தயம் கட்ட முடியாது. இரண்டும் பரிணாமத்தில் பிரிந்து நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் பொருள்கள் எல்லாம் தயாராக இருந்தன, தோற்றால் நஷ்டம் சில வார வேலை. பிளாக்பர்ன் டிஎன்ஏவை அனுப்பினார், ஷோஸ்டாக் ஒட்டினார். ஈஸ்ட் அதைக் கொறிக்கவில்லை. நேராகவே வைத்துக் காப்பாற்றியது. 1982இல் வெளியிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை, அவ்வளவுதான். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

ஈஸ்டுக்குள் சில தலைமுறை இருந்த அந்த முனைகளை எடுத்துப் பார்த்தால் அவை நீண்டிருந்தன. நீண்ட பகுதியில் இருந்தது குளத்து உயிரியின் ஜதி அல்ல, ஈஸ்டின் சொந்த ஜதி. விருந்தாளியின் சட்டைக்கு வீட்டுக்காரர் தன் வீட்டுத் துணியில் ஓரம் தைத்து அனுப்பியதுபோல. பழைய டிஎன்ஏவைப் பார்த்து நகலெடுத்திருந்தால் பழைய ஜதிதானே வரவேண்டும்? அப்படியென்றால் செல்லுக்குள் ஒரு தையற்காரர் இருக்கிறார், அவரிடம் அவருக்கென்று ஒரு மாதிரியும் இருக்கிறது.

அந்தத் தையற்காரரைத் தேட வந்தவர் கேரல் கிரைடர். வாசிப்பதும் எழுத்துக்கூட்டுவதும் சிரமமாகும் டிஸ்லெக்சியா அவருக்கு உண்டு. நுழைவுத் தேர்வு மதிப்பெண் குறைவு என்று பல பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்தின. பெர்க்லியில் பிளாக்பர்னின் ஆய்வகத்தில் 1984இல் சேர்ந்தார். டெட்ராஹைமினாவை அரைத்த சாறு, அதில் ஒரு செயற்கை டிஎன்ஏ துண்டு, கூடவே கதிரியக்கம் ஏற்றிய எழுத்துகள். எதாவது ஒட்டினால் எக்ஸ்ரே பிலிமில் கறுப்பாகத் தெரியும். மாதக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஆய்வகத்துக்குப் போய் பிலிமை எடுத்துப் பார்த்தால், ஏணி! படிப்படியாகக் கறுப்புக் கோடுகள், படிக்குப் படி சரியாக ஆறு எழுத்து இடைவெளி. வீட்டுக்குப் போய் ஆடியிருக்கிறார், வேறென்ன செய்ய. வயது 23.

ஏன் ஆறு? அந்தத் தையற்காரர் ஒரு நொதி, பெயர் டெலோமரேஸ். அதன் வயிற்றுக்குள்ளேயே ஓர் ஆர்என்ஏ இழை இருக்கிறது. ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தால் வேலை நின்றுவிடுகிறது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1989இல் அந்த ஆர்என்ஏவையும் படித்தார்கள். அதில் மாதிரியாகப் பயன்படுவது வெறும் 9 எழுத்து: சி-ஏ-ஏ-சி-சி-சி-சி-ஏ-ஏ. ஏவுக்கு எதிரே டி, சிக்கு எதிரே ஜி என்றுதான் ஜோடி சேரும்; இதைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டே ஜோடியை எழுதினால் நம் ஜதி வந்துவிடும்.

ஜதிக்கு ஆறு எழுத்து போதுமே, ஒன்பது எதற்கு? இங்கேதான் அழகு. கோல அச்சு வைத்து வாசல் முழுக்க வரிக்கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அச்சை வைத்து மாவைத் தூவுகிறோம், எடுக்கிறோம். அடுத்ததை எங்கே வைப்பது? ஏற்கெனவே விழுந்த கோலத்தின் ஓரத்துப் புள்ளிகள் மேல் அச்சின் ஓரத்து ஓட்டைகள் பொருந்தும்படி வைத்தால்தான் வரிசை பிசகாது. டெலோமரேஸும் அதையேதான் செய்கிறது. ஒன்பதில் மூன்று எழுத்து பொருத்திப் பார்க்க, மிச்சம் ஆறு எழுத. டிஎன்ஏவின் கடைசி டி-டி-ஜியைத் தன் மூன்று எழுத்தோடு சேர்த்துப் பிடிக்கும். அப்புறம் ஜி-ஜி-ஜி-டி-டி-ஜி என்று ஆறு எழுத்தைச் சேர்க்கும். இப்போது புது முனையும் டி-டி-ஜி என்றே முடிகிறதல்லவா? கொஞ்சம் நழுவி, அதே மூன்றைப் பிடித்து, மறுபடி ஆறு. ஒவ்வொரு நழுவலுக்கும் முன்னால் ஒரு சின்னத் தயக்கம் உண்டு. கிரைடர் பிலிமில் பார்த்த ஏணிப்படிகள் அந்தத் தயக்கங்கள்தான். எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களின் ஜதி கொஞ்சம் வேறு: டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி. நம் உடல் செல்கள் பெரும்பாலானவற்றில் டெலோமரேஸ் அணைந்து கிடக்கிறது, அதனால் ஒவ்வொரு பிரிவிலும் முனை தேய்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள் 40 முதல் 60 தடவை பிரிந்ததும் நின்றுபோவதை லியோனார்ட் ஹேஃப்ளிக் 1961இலேயே காட்டியிருந்தார். காரணம் பிறகுதான் புரிந்தது. புற்றுநோய் செல்களில் பத்துக்கு எட்டு ஒன்பது இந்த நொதியைத் திரும்ப முடுக்கிவிட்டு, தேயாமல் பெருகுகின்றன.

ஆகவே, டெலோமியரை நீட்டி இளமையைத் திருப்பித் தருவோம் என்று மாத்திரை விற்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நீட்டினால் நல்லதுதான் என்று யார் சொன்னது? பரம்பரையாக நீளமான டெலோமியர் உள்ளவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய் அதிகம் வருகிறது. அந்தக் காலத்தில் காயகல்பம் விற்றவரிடம் டப்பா சாதாரணமாக இருந்தது, இப்போது டப்பாவில் டிஎன்ஏ படம் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2009இல் மூவருக்கும் மருத்துவ நோபல். அதிகாலையில் தொலைபேசி வந்தபோது கிரைடர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாராம். அதே வாரம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் வந்ததால் நம் பக்கத்துப் பத்திரிகைகளில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. நானும் அப்போது வெங்கியைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சரி, வாசகியின் கேள்வி. பிளாக்பர்னின் கட்டுரை 1978இலேயே அச்சில் கிடைத்தது, யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். ஆனால் ஈஸ்ட்காரர் எதற்குக் குளத்து உயிரியைப் பற்றித் தேடிப் படிக்கப் போகிறார்? ஷோஸ்டாக்கின் ஓயாத தோல்வி எந்தக் கட்டுரையிலும் வந்திருக்காது, அது வாயால் சொன்னால்தான் தெரியும். ஜூமில் கூட்டம் முடிந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்தி எல்லோரும் மறைந்துவிடுகிறோம். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்பவர் எங்கே மறைவார்?

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது வெளியூர் மாநாட்டுக்குப் பயணப்படி கேட்டு ஓர் அலுவலகத்தில் நின்றேன். "ஊர் சுற்றப் போறீங்களா தம்பி?" என்றார் கோப்பைப் பார்த்தவர். கோப்பு திரும்பி வந்தபோது மாநாடு முடிந்திருந்தது. இதே ஊரில், தலை நரைத்தவர்கள் மேடையில் சால்வை வாங்கிக்கொள்ளப் பறப்பதற்குக் காசு எப்போதும் இருக்கும். அன்றைக்கு அந்த விடுதியில் பேசிக்கொண்டவர்களின் வயதை இன்னொரு தடவை பாருங்கள்: 31, 27.

அதனால் வாசகிக்கு என் பதில் இதுதான். நாலு மைக்ராஸ்கோப்புக்குப் பதில் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். நாலாவதின் காசில் ஓர் ஆய்வு மாணவியை அனுப்பிவையுங்கள். அவருடைய பேராசிரியரை அல்ல.